வேலை போனால் வைத்தியமும் போகலாமா?

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக வீழ்கிறது. அருவிக்குச் செல்லும் வழியெல்லாம் காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்து கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருக்கும். இத்தகைய தோட்டங்களில் வேலை செய்வோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வைத்திய வசதி அளிக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டந்தான். ஆனால், செக்ரோலில் பெயர் உள்ளவரையில்தானே இந்தப் பாத்தியதை? பெயர் நீங்கினால் மருந்துக்கும் வேறு வழி தேட வேண்டியதுதான்.

மலைத் தோட்டத்துக் கூலிக்கு மட்டும் நேரும் சங்கடமன்று இது. பட்டணத்தில் கை நிறையச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தரின் நிலைமையும் இதுவேதான். கம்பெனி எடுத்து வைத்திருக்கும் குரூப் இன்ஷ்யூரன்ஸை நம்பி, தமக்கென்று தனிப் பாலிஸி எடுக்காதவர் அநேகர். வருமானம் நின்று, கவலையால் உடம்பும் தளரும் அந்தச் சமயத்தில்தான் இன்ஷ்யூரன்ஸும் கைவிட்டுப் போகிறது!

மலையை விட்டு இறங்கி, சேலத்து ஆலைத் தொழிலாளியின் விஷயத்தைப் பார்ப்போம். நாடு சுதந்திரம் பெற்ற எட்டே மாதங்களில், 1948 ஏப்ரலில், இ. எஸ். ஐ. சட்டம் நிறைவேறிற்று. 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் பண்டித நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தச் சட்டம் 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. அதன் கீழ் வளர்ந்த ஏற்பாட்டில் ஓர் அருமையான அம்சம் உண்டு. சந்தா செலுத்தும் காலம் வேறு, பலனை அநுபவிக்கும் காலம் வேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்தியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. பல வருஷம் உழைத்த ஒருவர் ஆகஸ்டு முடிவில் வேலை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய சந்தா டிசம்பர் வரை காக்கும். ஏப்ரலுக்குப் பிறகு 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால் மறு வருஷம் ஜூன் வரைக்கும் வைத்தியம் உண்டு. இதை அறியாமல், “கார்டு செல்லாது” என்று தாமே தீர்மானித்துக்கொண்டு கடன் வாங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. ஐந்து வருஷமாவது இன்ஷ்யூர் ஆகியிருந்து வயது வரம்பில் ஓய்வு பெற்றவரானால், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டித் தாமும் மனைவியும் வைத்தியம் பெறலாம். ஒரு வேளை காப்பிக்குக் கொடுப்பதைவிட ஒரு மாதச் சந்தா குறைவு!

சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு இந்தத் திட்டம் இல்லை. அவர்கள் செய்யக்கூடியது என்ன?

அமெரிக்காவில் பிள்ளைகள் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் ‘கோப்ரா’ என்ற பெயரைக் கேட்டிருக்கும். நம் நல்ல பாம்பு அன்று. 1985-ஆம் வருஷத்துச் சட்டமொன்றின் சுருக்கப் பெயர். இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்திலிருந்து விலகியவர், சாதாரணமாகப் பதினெட்டு மாதம் வரை பழைய குரூப் இன்ஷ்யூரன்ஸிலேயே நீடிக்கலாம். ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், அதற்குமேல் நூற்றுக்கு இரண்டையும் அவரே கட்ட வேண்டும். கடிக்கத்தான் செய்கிறது!

நம் நாட்டில் பழைய குரூப்பிலேயே அப்படி நீடிக்கும் உரிமை இல்லை. அதே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிஸிக்கோ குடும்பப் பாலிஸிக்கோ மாறிக்கொள்ள விதிகள் இடந்தருகின்றன. இதன் லாபம் பெரிது. புதிதாகப் பாலிஸி எடுத்தால், முன்பே உள்ள நீரிழிவு, ரத்தக் கொதிப்பு போன்றவற்றுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க நேரலாம். மாறிக்கொள்பவருக்கோ, குரூப்பில் கழிந்த வருஷங்கள் பழைய தொகையின் அளவுக்குக் கணக்கில் சேரும். உடல்நிலையை விசாரித்து முடிவு செய்யக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டாகையால், கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. கடைசி நாள் வரை காத்திராமல், ராஜிநாமாக் கடிதத்தோடு இந்த மனுவையும் எழுதிவிடுவது உத்தமம். எத்தனை வருஷமாக, எவ்வளவு தொகைக்கு, குடும்பத்தில் யார் யாருக்கு இன்ஷ்யூரன்ஸ் இருந்தது என்ற அத்தாட்சியை ஆபீஸிலிருந்து அப்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். விலகிய பிறகு அங்கே நம் கடிதத்துக்குப் பதில் போட யாருக்கு அவகாசம் இருக்கப்போகிறது?

பிரீமியம் குரூப்பில் இருந்ததைவிட அதிகமாகவே இருக்கும். வயதான பெற்றோரையும் சேர்த்தால் இன்னும் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் வைத்திய இன்ஷ்யூரன்ஸுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வீதமிருந்த வரி எடுபட்டிருக்கிறது. வேலையிழந்த வீட்டில் அது ஒரு மாதத்துப் பால் கணக்குக்காவது ஆகும்.