கடைக்குள் ஒரு மேகம்!

கணக்கைக் காக்கும் சிறிய பெட்டி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து புறப்பட்டது. அன்று முதல் வடசென்னையில் சரக்கும் கணக்கும் சேர்ந்தே நடக்கின்றன. காசிமேட்டில் மீன், துறைமுகத்தில் சரக்குப் பெட்டகம், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பட்டறைகள். எல்லாவற்றுக்கும் பில் உண்டு, பேரேடு உண்டு.

முன்பு கணக்கு இரும்புப் பெட்டியில் இருந்தது. இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப் போனால்?

சட்டம் சொல்வது என்ன?

ஜி.எஸ்.டி. வரி 2017 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அந்தச் சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவோர் நகலும் வைத்திருக்க வேண்டும். விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்தால், அந்த நகலில் இருந்து கணக்கை மீட்டாக வேண்டும். "வெள்ளத்தில் போய்விட்டது" என்று கையை விரித்தால் போதாது.

சொந்த மேகம்

"கிளவுட்" என்றால் மேகம். ஆனால் வானத்தில் ஒன்றும் இல்லை! எங்கோ ஒரு கட்டிடத்தில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே இடம் பிடிப்பது, மாத வாடகைக்குக் கிடங்கு எடுப்பது போன்றது. இன்டர்நெட் அறுந்தால் சரக்கு கைக்கு வராது.

அதே வசதியைக் கடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். "நாஸ்" என்ற பெட்டி, செருப்புப் பெட்டி அளவில்கூடக் கிடைக்கிறது. கடையின் எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதில் இணையும். ஆளுக்கொரு ரகசியச் சொல் உண்டு. கிடங்குக்காரர் சம்பளப் பட்டியலைப் பார்க்க முடியாது. "நெக்ஸ்ட்கிளவுட்" போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்டர்நெட் நின்றாலும் கடைக்குள் வேலை நிற்காது.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டால், எழுதுவது இரண்டிலும் பதியும். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

மூன்று எதிரிகள்

இனி நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது!

முதல் எதிரி தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, எண்ணூர் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. தரையில் வைத்த பெட்டி அதில் தப்புமா? இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன!

இரண்டாவது எதிரி வைரஸ். 2017 ஜூன் 27-ந் தேதி "நாட்பெட்யா" என்ற வைரஸ் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கியது. மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் அதன் சரக்கு முனையமும் நின்றது. 45,000 கம்ப்யூட்டர்களைப் புதிதாக அமைக்க வேண்டி வந்தது. முக்கியமான பதிவேட்டின் நகல் ஒன்று ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் பிழைத்திருந்தது. காரணம்? அங்கே அந்த நேரத்தில் மின்வெட்டு! இணைப்பு இல்லாததால் வைரஸ் தொடவில்லை.

மூன்றாவது எதிரி தீ. 2025 செப்டம்பர் 26-ந் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசாங்கத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த "ஜி டிரைவ்" எரிந்து போனது. அதுவும் ஒரு சொந்த மேகம்தான். வெளியே நகல் இல்லாததால் 858 டெராபைட் அளவு விவரங்கள் அழிந்தன.

என்ன செய்ய வேண்டும்?

கணக்கு மூன்று இடங்களில் இருக்கட்டும். வேலை செய்யும் கம்ப்யூட்டரில் ஒன்று, பெட்டியில் ஒன்று, வெளியே ஒன்று. வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, ரகசியச் சொல் போட்டுப் பூட்டி, கழற்றி விடுங்கள். வெள்ளம் வராத இடத்தில் உள்ள உறவினர் வீட்டில் அதை வைக்கலாம். கழற்றி வைத்த டிஸ்க்கை வைரஸ் தொடாது.

கடையில் உள்ள பெட்டியை உயரமான அலமாரியில், உப்புக்காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். யு.பி.எஸ். மூலம் மின்சாரம் கொடுங்கள். மாதம் ஒரு முறை நகலில் இருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், அன்றே வேறு நகல் எடுத்துவிடலாம்.

ஒரு டிஸ்க்கின் விலை சில ஆயிரம் ரூபாய். அழிந்து போன கணக்கு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.