டிரெய்லர் வரிசையும் ரோலர் கோஸ்டர் வரிசையும்

எங்க அப்பா டிரெய்லர் ஓட்டினவர். கண்டெய்னர் ஏத்திக்கிட்டு எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்னு நின்னே பாதி சர்வீஸ் போச்சுன்னு சொல்வார். "எப்போப்பா கேட்டுக்குள்ள போவீங்க?"ன்னு சின்ன வயசுல கேட்டா ஒரே பதில்தான்: "முன்னாடி எத்தனை வண்டி நிக்குது, கேட்டுல ஒரு வண்டிக்கு எத்தனை நிமிஷம் ஆவுது. அவ்ளோதான்டா கணக்கு."

அந்தக் கணக்கு தீம் பார்க்குக்கும் பொருந்தும்னு எனக்குப் புரிய ஒரு நாள் முழுக்க வீணாக வேண்டியிருந்தது.

சில வருஷம் முன்னாடி, பொங்கல் லீவுல, திருவொற்றியூரிலிருந்து குடும்பமா ஆறு பேர் ஒரு பெரிய பார்க்குக்குப் போனோம். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி, பாரிமுனை தாண்டவே ஒன்பதாகி, உள்ளே நுழையும்போது மணி பதினொன்றே கால். சாயங்காலம் வரைக்கும் ஏறினது நாலே நாலு ரைடு. அதைவிட மனசுல நிக்கிறது வேற. அக்கா பையனுக்கு அப்போ எட்டு வயசு. ரோலர் கோஸ்டருக்கு என்னோடு ஐம்பது நிமிஷம் வரிசையில் நின்னான். ஏறுற இடத்துல உயரம் பார்த்தாங்க. ரெண்டு விரற்கடை குறைச்சல். அவன் அழல, பக்கத்து வழியா இறங்கி வந்துட்டான். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

தப்பு பார்க் மேல இல்லை, விதி விதிதான். நாங்கதான் கணக்குப் போடாம போனோம். அதுக்கப்புறம் படிச்சதையும் போட்டுப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர்?

அப்பா சொன்ன கணக்குக்குப் படிச்சவங்க வெச்ச பேர் லிட்டில் விதி. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் அதை முறையா நிரூபிச்சார். காத்திருக்கும் நேரம் = முன்னால் நிற்கும் ஆட்கள் ÷ ஒரு மணி நேரத்தில் உள்ளே போகும் ஆட்கள்.

ஒரு ரைடில் 24 சீட். ஏத்தி, பெல்ட் மாட்டி, சுத்தி, இறக்க மூணு நிமிஷம்னு வெச்சுக்குவோம். ஒரு மணி நேரத்துக்கு 20 சுற்று, அதாவது 480 பேர். உங்களுக்கு முன்னாடி 240 பேர் நின்னா அரை மணி நேரம். வரிசை பார்க்க எவ்வளவு நீளமா இருக்குங்கிறது முக்கியமில்லை, அது எவ்வளவு வேகமா நகருதுங்கிறதுதான் முக்கியம். 16 சீட்டு உள்ள ரைடு ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம் எடுத்தா மணிக்கு 160 பேர்தான். அங்கே வெறும் 80 பேர் நின்னாலும் அதே அரை மணி நேரம். குட்டி வரிசைன்னு நம்பிப் போய் நின்னு ஏமாறுறது இப்படித்தான்.

வரிசையில் சேருமுன் ஒரே ஒரு சுற்றை வாட்ச்சில் பாருங்க. எத்தனை சீட், எத்தனை நிமிஷம்னு தெரிஞ்சா போதும்.

எந்த நாள் என்பதுதான் முக்கால்வாசி முடிவு

இதையே மொத்தப் பார்க்குக்கும் போட்டுப் பார்ப்போம். எல்லாரும் ஆசைப்படுற ரைடு பத்து, ஒவ்வொன்றும் மணிக்கு 500 பேர்னு வெச்சா, பார்க் மொத்தமா மணிக்கு 5,000 சவாரி தரும். லீவு நாளில் 8,000 பேர் உள்ளே இருந்தால், ஏழு மணி நேரத்தில் ஆளுக்குச் சராசரி நாலரை சவாரிகூட வராது. சாதாரண நாளில் 2,500 பேர் இருந்தால் அதே ஏழு மணி நேரத்தில் 14. டிக்கெட் விலையில் சின்ன வித்தியாசம் இருக்கலாம், ஆனா ஒரு சவாரிக்கு நீங்க தர்ற காசு மூணு மடங்கு மாறுது.

இந்தச் சராசரியை எந்தத் தந்திரத்தாலும் பெருசா மீற முடியாது. நான் சொன்ன நாலு ரைடு எங்க சோம்பேறித்தனம் இல்லை, அந்த நாளின் கணக்கே அதுதான்.

சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி, மே மாசம் தள்ளிடுங்க. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வார நாளிலும் ஸ்கூல் டூர் பஸ் வரிசையா வரும். ஸ்கூல் திறந்த பிறகு வர்ற ஜூன், ஜூலை செவ்வாய், புதன் நல்ல நாள். நம்ம பக்கத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கு. மணலி, எண்ணூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிற வீடுகளில் வார லீவு பல நேரம் வார நாளில்தான் வரும். ஊரே ஞாயிறு கொண்டாடும்போது நமக்கு லீவு இல்லைன்னு குறைப்பட்டுக்குவோமே, அந்த லீவு இதுக்குத்தான் லாயக்கு. பிள்ளைங்களுக்கு ஒரு நாள் ஸ்கூல் லீவு எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வடசென்னைக்கு மட்டும் உள்ள சிக்கல்: தூரம்

பார்க்குகள் எல்லாம் நமக்கு எதிர்ப்பக்கம்தான். நவோதயா அப்பச்சன் 1995-ல் கிஷ்கிந்தாவைத் தொடங்கினது தாம்பரம் பக்கம். வி.ஜி.பி. ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கம், எம்.ஜி.எம். முட்டுக்காடு, குவீன்ஸ்லேண்ட் பூந்தமல்லி தாண்டி. 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். திருவொற்றியூரிலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ஊரையே வடக்கு தெற்கா வெட்டிக்கிட்டுப் போகணும்.

இந்தத் தூரம் எதைத் தின்னுதுன்னு பாருங்க. பார்க் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் வரிசையே இல்லாத நேரம். ரைடு ஓடுது, ஆள் இன்னும் வந்து சேரல. அந்த ஒரு மணி நேரத்தில் மூணு நாலு பெரிய ரைடு ஏறிடலாம், மத்தியானம் அதுக்கு மூணு மணி நேரம் ஆகும். அடையாறுல இருக்கிறவங்க எட்டரைக்குக் கிளம்பினாலும் அதைப் பிடிச்சிடுவாங்க. நாம எட்டுக்குக் கிளம்பினா தவற விட்டுடுவோம்.

அதனால் கிளம்புற நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்க. திறப்பு நேரம், அதில் அரை மணி கழிச்சு, பயணத்துக்கு இரண்டரை மணி கழிச்சா எத்தனை மணியோ, அதுதான் வாசப்படி தாண்டுற நேரம். பஸ், ரயில்னு போறவங்களுக்கு விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ நேராப் போகுது. ராயபுரம், பாரிமுனை நெரிசல் அதில் கிடையாது. மிச்ச தூரத்துக்கு மட்டும் வண்டி பார்த்துக்கலாம். டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் எடுத்துட்டா கவுன்டரில் நிற்கிற நேரமும் மிச்சம்.

உள்ளே போன பிறகு

கூட்டம் வாசலுக்குப் பக்கத்தில் பார்க்கிற முதல் ரைடில் நிற்கும். நீங்க நேரா கடைசிக்குப் போங்க, அங்கிருந்து வாசல் பக்கமா வாங்க. ஆள் குறைவா ஏத்துற பெரிய ரைடுகளை முதலில் முடிங்க. தண்ணி ரைடை வெயில் ஏறின பிறகு வெச்சுக்கங்க. காலையிலேயே நனைஞ்சா மத்த ரைடுக்கு ஈரத்தோடு நிற்கணும். நைலான் துணி கொண்டு போங்க, பருத்தி உடையோடு குளத்தில் விடமாட்டாங்க. சாப்பாட்டை பன்னிரண்டுக்கு முன்னாடி முடிங்க, இல்லன்னா ரெண்டரைக்கு மேல. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறப்போ ரைடு வரிசை கொஞ்சம் இளைக்கும்.

வேகமா உள்ளே விடுற ஃபாஸ்ட் டிக்கெட் வாங்கலாமா? டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டு வந்தப்போ நிறைய பேர் அது வரிசையையே குறைக்கும்னு நினைச்சாங்க. ரைடின் கொள்ளளவு அதே 480 தான். ஒருத்தர் முன்னாடி போனா இன்னொருத்தர் பின்னாடி தள்ளப்படுவார். கூட்டமான நாளில் உங்களுக்கு அது உதவும், சும்மா இருக்கிற நாளில் வீண் செலவு. அந்தக் காசுக்கு வேற நாளில் போறதே மேல்.

உயரம்

கடைசியா எழுதினாலும் முதல்ல செய்ய வேண்டியது இது. பெரிய ரைடுகளுக்கு 120, 140 செ.மீ. என்று கோடு போட்டிருப்பாங்க. பார்க்கின் வெப்சைட்டில் ரைடு வாரியா இருக்கும். வீட்டுக் கதவில் பென்சிலால் கோடு போட்டு, செருப்பு இல்லாம அளந்து, எதில் ஏறலாம் எதில் முடியாதுன்னு பிள்ளைக்கு முந்தின நாளே சொல்லிடுங்க. வீட்டில் கேட்டா அது ஒரு தகவல். ஐம்பது நிமிஷம் நின்ன பிறகு அத்தனை பேர் முன்னாடி கேட்டா அது அவமானம். முதுகுவலி, பிரஷர் உள்ள பெரியவங்களுக்கும் எது வேணாம்னு அப்பவே பேசி முடிச்சுட்டா, நிழலா எங்கே உட்காரலாம்னு முன்கூட்டியே பார்த்து வைக்கலாம்.

ரெண்டாவது தடவை ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். அதே பையன், கதவுக் கோட்டைத் தாண்டியிருந்தான். அப்பாவும் வந்தார். ரோலர் கோஸ்டர் வரிசையைப் பார்த்து, ஒரு சுற்றை வாட்ச்சில் எண்ணி, "இருபது நிமிஷம்டா"ன்னார். இருபத்திரண்டு ஆச்சு. அவர் ஏறல. கீழே கம்பி ஓரமா நின்னு பேரன் போற வண்டியைப் பார்த்துக்கிட்டிருந்தார். அன்னைக்கு மொத்தம் பதினோரு ரைடு. ராத்திரி வீடு வர்ற வரைக்கும் பையன் வாய் மூடல.