புயத் தமனி: அதன் போக்கும் அதைக் காக்கும் முறையும்

சென்னை மயிலாப்பூரில் 1905-ஆம் ஆண்டில் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் வேங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலையை ஸ்தாபித்தார். நாட்டு வைத்திய முறையில் நோயாளி வந்து அமர்ந்தவுடன் வைத்தியர் முதலில் தொட்டுப் பார்ப்பது மணிக்கட்டிலுள்ள நாடியாகும். அதே 1905-ஆம் ஆண்டில் ருஷிய தேசத்து ரணவைத்தியர் கொரொட்கோவ் என்பவர், புயத்தில் காற்றுப் பட்டையைச் சுற்றி இறுக்கி, முழங்கையின் உட்புறத்தில் குழல் வைத்துக் கேட்டு இரத்த அழுத்தத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். மணிக்கட்டில் விரல் வைப்பவரும் முழங்கையில் குழல் வைப்பவரும் அறிய முற்படுவது ஒரே இரத்தக் குழாயின் செய்தியைத்தான். அக்குழாயின் போக்கை அறிந்திருப்பது ஆபத்து வேளையில் ஒருவர் உயிரையோ கையையோ காப்பாற்ற உதவும்.

தமனியின் போக்கு

அணையிலிருந்து புறப்படும் வாய்க்கால் ஒன்றேயாயினும், அது கடந்து செல்லும் ஊர்தோறும் வெவ்வேறு பெயர் பெறுவதுண்டு. கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியும் அவ்வாறே. இடக்கைக்குரிய தமனி இருதயத்திலிருந்து எழும் மகா தமனியிலிருந்து நேரே பிரிகிறது. வலக்கைக்குரியது, தலைக்கும் கைக்கும் பொதுவான ஒரு கிளையிலிருந்து பிரிகிறது. இரண்டும் முதல் விலா எலும்பின்மேல், காறை எலும்பின் அடியாகச் செல்கின்றன. அவ்விடத்தைக் கடந்ததும் அது அக்குள் தமனி எனப்படும். அக்குளைவிட்டு நீங்கியதும் புயத் தமனி எனப் பெயர் பெறும்.

புயத் தமனி மேற்கையின் உட்புறமாக, திரண்ட முன்தசையின் ஓரத்தை ஒட்டி இறங்குகிறது. இங்கு அது ஆழமாகப் புதைந்திருக்கவில்லை. நான்கு விரல்களால் எலும்போடு சேர்த்து அழுத்தினால் அதன் துடிப்பு தெளிவாகத் தெரியும். முழங்கை மடிப்பிற்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. கட்டைவிரற் பக்கமாக ஒரு கிளையும் சுண்டுவிரற் பக்கமாக மற்றொரு கிளையும் செல்கின்றன. வைத்தியர் நாடி பார்ப்பது முதற்கிளையில். இரண்டு கிளைகளும் உள்ளங்கையில் வளைந்து ஒன்றோடொன்று இணைகின்றன. ஆகையால் உள்ளங்கையில் ஆழ்ந்த வெட்டு ஏற்பட்டால், இருபுறமிருந்தும் இரத்தம் பாயும்.

வெட்டுக் காயம்

அறுவடைக் காலத்தில் அரிவாளாலும், கதிரடிக்கும் யந்திரத்தாலும், உடைந்த கண்ணாடியாலும் கையில் காயம் ஏற்படுவது சகஜம். செந்நிறமான இரத்தம் துடிப்புடன் பீறிட்டால் தமனி அறுபட்டது என்று கொள்ளவேண்டும். வயது வந்தவர் உடலிலுள்ள இரத்தம் ஏறக்குறைய 5 லிட்டரே. பெரிய தமனி அறுபட்டால் சில நிமிஷங்களிலேயே உயிருக்கு அபாயம் நேரிடலாம். அப்போது செய்யவேண்டியவை:

1. காயம்பட்டவரைப் படுக்கவைத்து, சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்தவேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் மற்றொரு துணியை வைத்து அழுத்தவேண்டும்.

2. ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் உடனே 108-க்குச் சொல்லி ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும்.

3. இரத்தம் நில்லாவிடில், காயத்திற்கும் தோளுக்கும் நடுவே, மூட்டை விட்டு விலகி, இரண்டு அங்குல அகலத் துணியைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகித் திருகி, இரத்தம் நிற்கும்வரை இறுக்கவேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துவைக்கவேண்டும். வைத்தியர் வரும்வரை அதை அவிழ்க்கலாகாது. துணி தயாராகும்வரை மேற்கையின் உட்புறத்தில் தமனியை எலும்போடு அழுத்திப் பிடிப்பது உதவும்.

4. காப்பித்தூள், சுண்ணாம்பு, மண், சாணம் முதலியவற்றைக் காயத்தில் இடுதல் கூடாது. அவை இரணஜன்னி முதலிய நோய்களுக்கு இடமளிக்கும்.

இவ்விறுக்குக் கட்டு இரத்தப்போக்கிற்கு மட்டுமே உரியது. பாம்புக் கடிக்கு இவ்வாறு கட்டுவது கெடுதலாகும்.

குழந்தையின் முழங்கை

வெட்டுக் காயத்தின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். அதைவிட மறைவான ஆபத்து ஒன்றுண்டு. மரத்திலிருந்தோ திண்ணையிலிருந்தோ குழந்தை விழுந்து கையை ஊன்றும்போது, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நேர்கிறது. தமனி அவ்விடத்தில் எலும்பிற்கு முன்னால் செல்வதால், முறிந்த முனை அதை நெருக்கவோ கிழிக்கவோ கூடும். அந்நிலையில் உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் சிம்பு வைத்து இறுகக் கட்டினால், வீங்கும் கைக்கு வீங்க இடமில்லாமற் போய் இரத்த ஓட்டம் நின்றுவிடும். சுமார் 6 மணி நேரம் இரத்தமில்லாதிருந்தால் தசை மடியத் தொடங்குகிறது. பின்னர் விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கி நிலைத்துவிடும். ஜெர்மானிய ரணவைத்தியர் வோல்க்மன் 1881-ஆம் ஆண்டிலேயே இக்கேட்டை விவரித்தார். சில சமயம் கையையே எடுக்கவேண்டி வரும்.

கட்டிய பின் வலி குறையாமல் மேன்மேலும் ஏறுதல், விரலை மெல்ல நிமிர்த்தினாலும் குழந்தை அலறுதல், விரல்கள் வெளுத்தல், குளிர்தல், மரத்துப்போதல், அசையாதிருத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். மணிக்கட்டில் நாடி தெரிகிறது என்று அலட்சியமாயிருத்தல் கூடாது. நாடி இருக்கும்போதே தசை கெடுவதுண்டு. இவற்றுள் ஒன்று கண்டாலும் கட்டைத் தளர்த்தி, விடியட்டும் என்று காத்திராமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கூட்டுறவின் வழி வைத்தியத்திற்கும் பொருந்தும். சென்னை அடையாற்றை அடுத்த தரமணியில் நிலைபெற்ற வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் ஸ்தாபனத்தை டாக்டர் கே. எஸ். சஞ்சீவி முதலியோர் 1958-ஆம் ஆண்டில் தொடங்கினர். குடும்பங்கள் வருமானத்திற்கேற்ப வருஷச் சந்தா செலுத்தி வைத்திய உதவி பெறும் திட்டத்தை அது நடத்திக் காட்டியது. கிராமச் சங்கம் அவ்வளவு பெரிய காரியத்தை மேற்கொள்ள இயலாவிட்டாலும், சங்க அலுவலகத்தில் சுத்தமான கட்டுத்துணிகளையும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றையும் வைத்திருக்கலாம். அங்கத்தினர் இருவரை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பலாம். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலி ஏதும் காட்டாது வளர்வதாகையால், அங்கத்தினர் ஆண்டுக்கொரு முறையேனும் புயத்தில் பட்டை கட்டிச் சோதித்துக்கொள்வது நலம்.

உழைப்பாளியின் முதல் மூலதனம் அவன் கை. கடன் கொடுக்கும் சங்கம் அக்கையைக் காக்கும் வழியையும் அங்கத்தினருக்குக் கற்பிக்குமாயின், அது கொடுத்த கடனுக்கும் அதுவே நல்ல ஈடாகும்.