கை தட்டக் கற்றுக் கொண்டேன்!

கணவரின் வேலை காரணமாக, ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் நான்கு வருடங்களாக வசிக்கிறோம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திரியானா பகுதி, ஃபிளமெங்கோ பாட்டுக்கும், ஆட்டத்துக்கும் பேர் போனது. கல்லூரி நாளில் கொஞ்சம் கிடார் வாசித்தவள் என்பதால், அங்கே ஒரு நடன வகுப்பில் பக்கவாத்தியம் கற்கச் சேர்ந்தேன். 'நாற்பத்திரண்டு வயசுல கிடாரா?' என்று கிண்டல் செய்தாலும், மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டார் என்னவர்.

சிறு வயதில் கர்நாடக சங்கீதம் கற்ற தைரியம் எனக்கு. ஆனால், 'சொலேயா' என்ற வகையைக் கேட்டதும் தலை சுற்றியது. மொத்தம் 12 எண்ணிக்கை. அழுத்தம் விழுவதோ 3, 6, 8, 10, 12ல்! ஆதி தாளம் மாதிரி, முதல் அடியிலேயே ஊன்றிக் கொள்ள முடியாது.

மூன்றாவது மாதம், வீட்டில் விழுந்து விழுந்து பழகிய ஒரு மெட்டை, வகுப்பில் பெருமையாக வாசித்தேன். பாடும் அம்மா ஆரம்பித்து விட்டதை, நான் கவனிக்கவே இல்லை. அவர் பாட்டை நிறுத்தினார். ஆடிய பெண்ணின் கால்களும் நின்றன. எல்லாரும் என்னையே பார்த்தனர்.

'கிடாரைப் பெட்டியில வைங்க. ஒரு மாசம் கை மட்டும் தட்டுங்க...' என்றார் ஆசிரியர்.

'இனிமே போகலைங்க...' என்று வீட்டில் அழுதேன். 'கட்டின பணத்துக்காவது போயிட்டு வா...' என்றார் கணவர்.

அந்த ஒரு மாதத்தில்தான் எனக்குக் காது திறந்தது. பாடுபவரின் குரலுக்கு ஏற்ப, கிடாரின் கழுத்தில் 'செஹீயா' என்ற கவ்வியை நகர்த்தி சுருதி கூட்டுகின்றனர். பாடும்போது கிடார் அடங்கியே ஒலிக்கிறது. வரி முடிந்த பின்தான் பதில் சொல்கிறது. தனி மெட்டுக்கெல்லாம், இரண்டு பாட்டுக்கு நடுவில்தான் இடம். ஆடுபவர், காலால் ஓங்கித் தட்டி, 'யமாதா' கொடுத்தால், 'கவனி, மாறப் போகிறேன்' என்று அர்த்தம். இதையெல்லாம் பார்க்காமல், என் விரல்களையே பார்த்துக் கொண்டிருந்தேனே!

மறுபடி கிடார் கைக்கு வந்த அன்று, அந்த அம்மா ஒரு வரியை, வழக்கத்தை விட நீளமாக இழுத்தார். கை துறுதுறுத்தது. அவர் முகத்தையே பார்த்தபடி, தாளத்தை விடாமல், அதே கார்டைத் தட்டிக் கொண்டு காத்திருந்தேன். அவர் மூச்சு விட்டதும் மாற்றினேன். மெதுவாக, 'ஓலே' என்றார். அம்மாடி, கண்ணில் தண்ணீர் வந்து விட்டது!

தோழிகளே... 'பேசி முடிக்கிறதுக்குள்ள புத்தி சொல்ல ஆரம்பிச்சுடுறீங்கம்மா...' என்பாள் என் மகள். இப்போதெல்லாம் அவள் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்தால், மனதுக்குள் 12 எண்ணுகிறேன். முன்பு சொல்லாததை எல்லாம் சொல்கிறாள்.

— ஒரு வாசகி, செவில், ஸ்பெயின்.