தஞ்சாவூரில் தேர்தல் காலம்... திண்ணையில் உட்கார்ந்து கேட்ட ஆராய்ச்சியாளர்கள்!

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், திருவையாறு டீக்கடையில் தொடங்கி திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு வரை ஒரே பேச்சுதான். 'இந்தத் தடவை யாரு?' இதைக் கட்சிக்காரர் கேட்டால் ஒரு பதில் வரும். சொந்தக்காரர் கேட்டால் வேறொரு பதில் வரும். கையில் ஃபார்மோடு வரும் சர்வே பையன் கேட்டால், 'எல்லாரும் நம்ம ஆளுங்கதான் தம்பி' என்று ஒரு சிரிப்போடு முடித்துவிடுவார்கள் டெல்டாக்காரர்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒருநாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் இந்த மண்ணிலேயே தங்கியவர்கள் உண்டு. சமூகவியலிலும் மானிடவியலிலும் உலக அளவில் பேர் வாங்கிய அவர்களின் புத்தகங்கள், காவிரிக்கரைக் கிராமங்களில் பிறந்தவைதான்.

முதல் தேர்தலின்போது வந்த கேத்லீன்

இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மானிடவியல் படித்தவர் கேத்லீன் கஃப். கேரளத்து நாயர் குடும்பங்களைப் பற்றி ஆராய்ந்தவர், 1951-ம் ஆண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வந்தார். 1953 வரை இரண்டு கிராமங்களில் வேலை செய்தார். மேற்கே இருந்த ஊருக்கு 'கும்பப்பேட்டை' என்றும், கிழக்கே இருந்த ஊருக்கு 'கிரிப்பூர்' என்றும் தன் புத்தகத்தில் பெயர் வைத்தார். இரண்டுமே நிஜப் பெயர்கள் அல்ல. பேசியவர்களுக்குப் பின்னாளில் சிக்கல் வரக் கூடாது என்பதற்காக ஆராய்ச்சியாளர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் அது.

அவர் இங்கே இருந்த காலத்தில்தான் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. 1952 ஜனவரியில் சென்னை மாகாணம் ஓட்டுப் போட்டது. டெல்டாவில் சம்பா அறுவடை நேரம். 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு. நிலம் வைத்திருப்பவருக்கும் ஒன்று, அந்த நிலத்தில் நாற்று நடும் பெண்ணுக்கும் ஒன்று.

முடிவு பலரைத் திகைக்கவைத்தது. அப்போது ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் சேர்ந்திருந்த மாகாணத்தில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்ட்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கங்களில் திரண்டிருந்தவர்களில் பெரும்பாலோர், சேரியில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்கள்.

ராஜாஜி முதல்வரானார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்தது தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்றுவதற்குத் தடை. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடி செய்பவருக்கு. போராட்டமும் தேர்தலும் சேர்ந்து, களத்து மேட்டில் நெல் அளக்கும் கணக்கையே தொட்ட காலம் அது. அந்தக் காலத்தைத்தான் கேத்லீன் தன் நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டிருந்தார்.

அக்ரஹாரத்தில் குடியேறிய டெல்லி வாத்தியார்

சுமார் பத்து ஆண்டுகள் கழித்து வந்தவர் ஆந்த்ரே பெத்தேய். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. டெல்லி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆசிரியர். வயது முப்பதுகூட ஆகவில்லை. டாக்டர் பட்ட ஆய்வுக்காக 1961, 62-ம் ஆண்டுகளில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கினார். அந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்ரீபுரம்'.

அதுவும் தேர்தல் காலம்தான். 1962 பிப்ரவரித் தேர்தலில், தஞ்சாவூர் தொகுதியில் காங்கிரஸின் பரிசுத்த நாடாரைத் தோற்கடித்து வென்றார் தி.மு.க-வின் மு.கருணாநிதி. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம்.

பெத்தேய் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். மொத்தம் 349 வீடுகள், 1,400 பேர். அக்ரஹாரத்தில் 92 வீடுகளில் 341 பிராமணர்கள். பிராமணர் அல்லாத சாதியினர் 168 வீடுகளில் 688 பேர். ஆதிதிராவிடர்கள் 89 வீடுகளில் 371 பேர்.

நிலமும் சாதி அந்தஸ்தும் ஊர் அதிகாரமும் ஒரே தெருவில் குவிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஆனால், 1,400 பேரில் 341 என்பது கால்வாசிக்கும் குறைவு. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வந்த பிறகு, தலைக்கணக்கும் பேச ஆரம்பித்தது. பஞ்சாயத்து அதிகாரம் பிராமணர் அல்லாதார் கைக்கு நகர்ந்திருந்தது. நிலம் ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. 1965-ல் வெளிவந்த 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்ற அவரது புத்தகம் சொன்ன முக்கியமான செய்தி இதுதான்.

எந்தத் தெருவில் உட்கார்ந்து கேட்பது?

ஸ்ரீபுரத்தில் பெத்தேய் தங்கியது அக்ரஹாரத்தில். வெளியாளுக்கு, அதிலும் பிராமணர் அல்லாத ஒருவருக்கு, அதுவரை அப்படி இடம் கொடுத்ததில்லை என்று அவரிடம் சொன்னார்கள். அவர்களைப் போலவே உடுத்தி, அவர்களில் ஒருவரைப் போலவே வாழ்ந்தார். அதனால் அக்ரஹாரத்துக் கதவுகள் அவருக்குத் திறந்தன.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஊரார் கண்ணுக்கு அவரும் அக்ரஹாரத்து ஆள் ஆகிவிட்டார். பிராமணர் சேரிக்குள் கால்வைத்தால் சேரிக்குக் கெடுதல் வரும் என்ற நம்பிக்கை இருந்த காலம். மற்ற தெருக்களில், அதிலும் ஆதிதிராவிடர் தெருவில், நினைத்தபோது போய் உட்கார்ந்து பேச அவரால் முடியவில்லை. மற்றவர்களைப் பற்றித் தான் சேகரித்தவை, பிராமணர்களைப் பற்றிய தகவல்கள் அளவுக்கு ஆழமானவை அல்ல என்பதைத் தன் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஓர் ஆராய்ச்சியாளர் தன் குறையைத் தானே எழுதிவைத்தது பெரிய விஷயம். தேர்தல் நேரத்தில் வரும் எந்தக் கணிப்பைப் படித்தாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதிலிருந்துதான் கிடைக்கிறது. கேட்டவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்? யாருடைய குரல் அவர் காதுக்கு எட்டவே இல்லை?

'ஓட்டு வங்கி' யார் வைத்த பெயர்?

மேடைக்கு மேடை கேட்கிறோமே, 'ஓட்டு வங்கி'... அந்தச் சொல்லும் ஒரு சமூகவியல் ஆய்வில்தான் பிறந்தது. பெத்தேயின் ஆசிரியர் எம்.என்.ஸ்ரீனிவாஸ், மைசூர் கிராமம் ஒன்றைப் பற்றி 1955-ல் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். ஊர்ப் பெரியவர் கை காட்டும் பக்கம் மொத்தமாக விழும் ஓட்டுகளை அவர் அப்படிக் குறிப்பிட்டார்.

அந்த வங்கியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? 2009 தேர்தலின்போது மானிடவியலாளர் முகுலிகா பானர்ஜி தலைமையில், பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் திருப்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தங்கிக் கேட்டவர்கள், இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர். ஓட்டுப்போடுவது தங்கள் உரிமை, தங்கள் கடமை என்று மக்கள் சொன்னார்கள். பூத் வாசலில் எல்லோருக்கும் ஒரே வரிசை என்பது, ஏழைகளின் மனதில் எவ்வளவு பெரிய இடம் பிடித்திருக்கிறது என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. தெரு மூன்றாகப் பிரிந்துகிடக்கும் ஊரில், வரிசை ஒன்றாக இருப்பது சின்ன விஷயமா என்ன?

வீட்டுக்கே வரும் 'டம்மி' ஓட்டுப்பெட்டி

இன்று மாதக்கணக்கில் தங்குபவர்கள் குறைவு. சர்வேக்கள்தான் அதிகம். அதிலும் நல்ல முறைகள் உண்டு. டெல்லியில் ரஜினி கோத்தாரி 1963-ல் தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் 'லோக்நீதி' பிரிவு ஓர் உதாரணம். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் போலப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பயிற்சி பெற்ற மாணவர்கள் அந்த வீட்டுக்கே போவார்கள். 'யாருக்குப் போட்டீங்க?' என்று வாய்விட்டுக் கேட்பதற்குப் பதிலாக, சின்னங்கள் அச்சிட்ட மாதிரி ஓட்டுச்சீட்டைக் கையில் கொடுப்பார்கள். முத்திரையிட்டு, மடித்து, கூடவே கொண்டுவந்த பெட்டியில் போட்டுவிடலாம். எதிரே நிற்பவருக்குக்கூட பதில் தெரியாது.

டெல்டாவில் இதற்குக் காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரலில் தேர்தல் என்றால் சம்பா, தாளடி முடிந்து, உளுந்தும் பயறும் பறித்துக்கொண்டிருக்கும் சமயம். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் வீட்டில் இருப்பவர் மட்டும்தான் பேசுவார். வயலுக்குப் போன அக்காவின் கருத்து வேண்டும் என்றால், விளக்கு வைத்த பிறகு ஒருமுறை திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பி வராத சர்வேயில் வயலில் நின்றவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

இந்தத் தேர்தல் சமயத்தில் உங்கள் வீட்டு வாசலிலும் யாராவது ஃபார்மோடு நிற்கலாம். எந்த நிறுவனம், எதற்காகக் கேட்கிறார்கள், பெயரை வெளியிடுவார்களா என்று தாராளமாகக் கேளுங்கள். விருப்பம் இல்லையென்றால் பதில் சொல்லாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வந்தவர் நல்ல ஆராய்ச்சியாளர் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். பக்கத்துத் தெருவுக்கும் தவறாமல் போவார்!