பழைய பிளேஸ்டேஷனில் பாட்டு சிடி கேட்கலாம்
மாசாய்: சிடி பிளேயர் பழுதாகிவிட்டதா? பழைய தமிழ்ப் பாட்டு சிடிகளைத் தூக்கிப் போட வேண்டாம். பிள்ளைகள் விளையாடி ஓரங்கட்டிய பிளேஸ்டேஷன் 1, 2, 3 இருந்தால் போதும், மூன்றிலுமே பாட்டு சிடி ஓடும். 4, 5இல் ஓடாது. புதியதாயிற்றே என்று நம்பி ஏமாறக்கூடாது.

1994இல் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனின் ஆரம்ப மாடல்களில், பின்புறமே சிவப்பு, வெள்ளை ஒலித் துளைகள் உண்டு. அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு நேராக வயர் கொடுக்கலாம். அந்த ஒலிக்காகவே இதைத் தேடி வாங்கும் இசைப் பிரியர்கள் இருக்கிறார்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்க மட்டும் தொலைக்காட்சித் திரை வேண்டும்.

பாசார் மாலாமில் வாங்கிய எம்பி3 தட்டு என்றால், 1, 2இல் ஓடாது.

ஜப்பானில் விற்ற முதல் பிளேஸ்டேஷன் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கெட்டுவிடும். பின்புற எழுத்தைப் பார்த்த பிறகே சுவிட்சைத் தட்டுங்கள்.