வீட்டு நாயும் நாமும் – 9: சாந்தமே அதிகாரம்

சென்ற வாரம் குட்டிக்கு இடவேண்டிய உணவையும், அது உறங்குவதற்கு ஒதுக்கவேண்டிய மூலையையும் பற்றி எழுதியிருந்தேன். இவ்வாரம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அவற்றினும் நுட்பமானது. வீட்டில் வளரும் நாய் நம் சொல்லைக் கேட்கவேண்டும் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அச்சொல்லுக்குரிய மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே, அந்தப் பிராணியின் வாழ்வு சுகமாகவோ துக்கமாகவோ அமைந்துவிடுகிறது.

என் இளமையில், ராஜபாளையத்திலிருந்து ஒரு வெள்ளைக் குட்டியைக் கொண்டுவந்து, மணி என்று பெயரிட்டு வளர்த்தோம். ஒரு நாள் மாலை நான் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, புதிதாக வாங்கிய என் தோல் செருப்புகளில் ஒன்று, வார் அறுந்து முற்றத்தில் கிடந்தது. நான் இரைந்த இரைச்சலில் மணி வாலைக் கால்களுக்கிடையே இடுக்கி, காதுகளை மடக்கிக்கொண்டு, நெற்குதிருக்குப் பின்னால் பதுங்கிற்று.

"பார்த்தாயா அம்மா, செய்த குற்றம் அதற்கே தெரிகிறது!" என்றேன்.

அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அது கடித்தது காலையிலேடா. மத்தியானம் பூராவும் அந்தச் செருப்புப் பக்கத்திலேயே நிம்மதியாகத் தூங்கிற்று. இப்போது நடுங்குவது செருப்புக்காக இல்லை, உன் குரலுக்காக" என்றாள்.

என் தாய் முறத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னதை, 2009-ல் அமெரிக்காவின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 14 நாய்களைக்கொண்டு நடத்திய பரிசோதனையில் பிரத்தியட்சமாகக் காட்டினார். விலக்கப்பட்ட தின்பண்டத்தைத் தின்ற நாயா, தின்னாத நாயா என்ற வேறுபாடு முகத்தில் தெரியவில்லை. யஜமானர் கடிந்துகொண்டாரா, இல்லையா என்பதே தெரிந்தது. ஒரு பாவமும் அறியாமல் கடிந்துகொள்ளப்பட்ட நாய்களிடந்தான் அந்தக் 'குற்றவாளி முகம்' மிகுந்து காணப்பட்டது. நாம் பச்சாத்தாபம் என்று எண்ணி மகிழ்வது வெறும் அச்சமே என்பதை அறிந்தபின், அதை விளைவிப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நாயை அடக்கி ஆளவேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தின் பாஸல் நகரத்து மிருகக்காட்சிசாலையில், ஒன்றோடொன்று உறவற்ற ஓநாய்களைக் குறுகிய அடைப்புக்குள் வைத்திருந்ததை நெடுநாள் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், அவை ஓயாமல் பூசலிட்டு முதலிடம் தேடுவதை 1947-ல் எழுதினார். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட நூல் அக்கருத்தை எங்கும் பரப்பிற்று; ஓநாய்க்குச் சொன்னதை நாய்க்கும் பொருத்திக்கொண்டார்கள். ஆனால் அதே மெக், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தபின், கூட்டம் என்பது தாயும் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்றும், அங்கே தலைமை என்பது பெற்றோர் பிள்ளைகளை நடத்தும் முறையே என்றும் 1999-ல் எழுதித் தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். சிறைப்பட்ட அந்நியர்களின் சண்டையைக் கண்டு, அதுவே குடும்ப தர்மம் என்று முடிவு செய்தால் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இதிலும் நேர்ந்திருந்தது.

நியூயார்க் மாகாணத்து நியூ ஸ்கீட் மடத்தில் நாய் வளர்த்துவந்த துறவிகளும், முரண்டு பிடிக்கும் நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடிக்கும் முறையை 1978-ல் தம் நூலில் கூறியிருந்து, 2002-ன் புதுப்பதிப்பில் அதைக் கைவிட்டனர். தவறை உணர்ந்து மாற்றிக்கொள்ளும் இந்த நேர்மைதான், நாயைப் பழக்க முற்படும் ஒவ்வொருவரும் முதலில் பயிலவேண்டிய பாடம்.

ஆயினும் சாந்தம் என்பது தளர்ச்சி அன்று. விருந்தினர்மேல் பாயும் நாயைக் கையால் தள்ளினால் அதை விளையாட்டென்று கொள்ளும்; கத்தினால் நாமும் சேர்ந்து குரைப்பதாக எண்ணும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். நான்கு கால்களும் தரையில் ஊன்றிய அந்தக் கணத்தில் குனிந்து தடவிக்கொடுங்கள். வெளியே அழைத்துச் செல்கையில் வாரை இழுத்தால், நீங்களும் இழுக்காமல் மரம்போல் நின்று, வார் தொய்ந்தபின் அடி எடுத்து வையுங்கள். இழுத்தால் வழி அடைபடும், பொறுத்தால் வழி திறக்கும் என்ற நியாயத்தை நாய் சில நாட்களிலேயே கிரகித்துக்கொள்கிறது. சோற்றுத் தட்டைக் கீழே வைக்குமுன் உட்காரச் சொல்லுங்கள். அது உட்காராமல் தட்டு இறங்காது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். பாராட்டோ பண்டமோ, செயல் நிகழ்ந்த ஓரிரு விநாடிக்குள் கிடைத்தால்தான் செயலுக்கும் பலனுக்கும் உள்ள சம்பந்தம் அதற்கு விளங்கும். எக்காரணத்தைக் கொண்டும் 'வா' என்றழைத்துத் தண்டிக்காதீர்கள். ஒருமுறை அவ்வாறு செய்தால், பின்னொரு நாள் தெருவில் லாரி வரும்போது நீங்கள் அழைக்கும் 'வா'வுக்கும் அது திரும்பாது.

வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்கவேண்டும் என்பதும் இதில் அடங்கும். தகப்பனார் 'இறங்கு' என்று விரட்டும் கட்டிலில் மகன் 'வா, படு' என்று இடங்கொடுத்தால், நாய் சட்டத்தை மீறவில்லை. அந்த வீட்டில் சட்டமே இல்லை. கோபம் மூண்டிருக்கும் நாளில் பயிற்சியை நிறுத்திவிடுவது உத்தமம். நம் குரலையும் நடையையும் கையசைவையும் அல்லும் பகலும் கவனிப்பதே நாயின் ஸ்வபாவமாதலின், நம் மனக்கலக்கத்தை அதனிடம் மறைக்க முடியாது.

செருப்பு அறுந்த நாளுக்குப்பின் மணி என்னைக் கண்டாலே விலகிச் சென்றது. நான் தினந்தோறும் மாலையில் திண்ணையில் அமர்ந்து, அழைக்காமல், கையை விரித்து முழங்கால்மேல் வைத்துக் காத்திருந்தேன். முதல் நாட்களில் வாசற்படி வரை வந்தது. பிறகு தூண் வரை வந்தது. பதினோராம் நாள் ஈரமூக்கு என் உள்ளங்கையில் பட்டது. ஐப்பசியில் ஓரிரவு இடி இடித்தபோது, அது குதிருக்குப் பின்னால் ஓடவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, என் பாதங்களின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

அடுத்த வாரம், ராஜபாளையத்து வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாயிருப்பதையும், அவற்றைக் கைச்சாடையால் பழக்கும் விதத்தையும் காண்போம்.

(தொடரும்)